பெல் அடித்து மூடிய கொம்பனி

கூச்ச சுபாவக்காரரால் ஒருவருக்கும் தொந்தரவில்லை என்பார்கள். என்னைத் தெரியாதவர்கள் சொல்லும் கதை அது. என் கூச்சம் ரொறன்ரோவில் ஒரு கொம்பனியையே விழுங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இங்கிலிஷில் "தாங்க்யூ"வும் "சொறி"யும் தெரியும். (இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவேன்.) பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்காதான் தன் வேலையிடத்தில் என்னையும் சேர்த்துவிட்டார். கொம்பியூட்டரில் விளையாடும் கதைகள் செய்கிற கொம்பனி. குகை, புதையல், பேய்வீடு என்று ஒரு கதைக்குள் நாமே நடந்துபோய், பூட்டுத் திறந்து, தப்பி வரவேண்டும்.

முதலாளி பீற்றர் தன் தாய் வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்றில் தொடங்கியது அது. முதலில் படமே கிடையாதாம், வெறும் எழுத்து. "வடக்கே போ", "கதவைத் திற" என்று தட்டிக்கொண்டே போகவேண்டும். அந்தக் காலத்தில் அதுவே கடைகளில் அள்ளுப்பட்டுப் போனதாம். பிறகு படம் வந்தது, நிறம் வந்தது, கொம்பனியும் பேஸ்மென்றை விட்டு வெளியே வந்தது. நான் சேர்ந்தபோது தேய்பிறை. சனம் சீடிக்கும் துப்பாக்கிச் சண்டைக்கும் மாறிவிட்டது. நானும் அக்காவும் கதை பதிந்த பிளாப்பித் தட்டுகளைப் பெட்டிகளில் அடுக்குவோம். கடைகள் அவற்றைத் திருப்பி அனுப்பும். பிரித்து மறுபடி அடுக்குவோம்.

கடைசி நம்பிக்கை ஒரு பழைய வீட்டுக் கதை. அதைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் எடுத்து விற்றால் கொம்பனி நிமிரும், இல்லையென்றால் இழுத்து மூடவேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். கொம்பியூட்டர் பைத்தியங்களைத் தவிர இதை வேறு யார் விளையாடுவார்கள் என்று அவர்கள் கேட்க, பீற்றருக்கு ரோசம் வந்துவிட்டது. கொம்பியூட்டரைத் தொட்டே பார்க்காதவரும் விளையாடலாம், இந்தக் கட்டடத்தில் யாரையும் கூப்பிடுங்கள் என்றாராம். இருவரில் உயரமானவர் சுற்றிப் பார்த்துவிட்டு, பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற என்னை நோக்கி விரலை நீட்டினார்.

"அக்கா, எனக்கு ஏலாதெண்டு சொல்லுங்கோ."

"நீரே சொல்லுமன்."

சொல்லக் கூச்சமாக இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

பீற்றர் மௌஸை என் கையில் தந்து, அம்பை நகர்த்தி அமத்தக் காட்டினார். இனி யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றார். திரையில் இங்கிலிஷில் என்னவோ எழுத்து ஓடி மறைந்தது. பிறகு மழை. ஒரு பெரிய வீடு. கதவு நீக்கலாக இருந்தது. பக்கத்தில் பெல்.

பெல்லை அமத்தினேன். உள்ளே மணி கேட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒருவரும் வரவில்லை. உடனே திருப்பி அடித்தால் என்ன நினைப்பார்கள்? (குளிக்கிறார்களோ என்னவோ.) மரியாதையான நேரம் விட்டு இன்னொருமுறை அடித்தேன். உயரமானவர் இருமினார்.

"உள்ளுக்கை போமன்," என்றார் அக்கா பல்லைக் கடித்தபடி.

"ஆக்கள் வராமல் எப்பிடி அக்கா போறது?"

"கதவு திறந்துதானே கிடக்கு!"

"திறந்து கிடந்தால் போறதே? களவெடுக்க வந்ததெண்டெல்லோ நினைப்பினம்."

கடைசியில் போனேன். (செருப்பைக் கழற்ற வழி இருக்கிறதா என்று தேடினது உண்மை.) மேசையில் ஒரு விளக்கு, சாவிக்கொத்து, கயிறு. இந்தக் கதைகளில் கண்ணில் படுவதையெல்லாம் அள்ளிப் பையில் போடவேண்டும், விளையாட்டே அதுதான். பெட்டி அடுக்குகிறவளுக்கு அதை யார் சொன்னது? அடுத்தவர் சாமானில் விரல் படாமல் மேசையைச் சுற்றிக்கொண்டு போனேன். பீற்றர் இரண்டு கையாலும் தலைமயிரைப் பிடித்துக்கொண்டார். விளக்கில்லாமல் இருட்டுப் படியில் இறங்கி, அடியில் இருந்த கிணற்றுக்குள் விழுந்தேன். திரை கறுத்து, எழுத்து வந்தது.

"என்னக்கா எழுதியிருக்கு?"

"நீர் செத்துப்போனீராம்."

வெள்ளிக்கிழமை. காலையில் கோயிலில் பூசிய விபூதி அழியவில்லை. முன்பின் தெரியாத ஆம்பிளைகளுக்கு முன்னால் செத்துக் கிடந்தேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பீற்றர் பதறிப்போய்க் கதையை மறுபடி தொடங்கிவிட்டார். மழை. வீடு. கதவு.

நான் பெல்லை அமத்தினேன்.

அமெரிக்கர் இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.

அந்தப் பனிக்காலம் முடியுமுன் கொம்பனி மூடப்பட்டது. எல்லோருக்கும் வேலை போனது, புஷ்பம் அக்காவுக்கும். பீற்றர் என் கையைப் பிடித்து, உங்களால் இல்லை, காலம் மாறிவிட்டது என்று அக்காவைக் கொண்டு சொல்லுவித்தார். நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை. அழுதுகொண்டே "தாங்க்யூ" என்று வேறு சொல்லிவிட்டேன்.

"சனம் வேலை தேடித் திரியுது. உவள் கொம்பனியையே மூடிப்போட்டு வந்து நிக்கிறாள்," என்றார் என் கணவர்.

நினைவுக்கென்று அந்தப் பழைய வீட்டுக் கதையின் பெட்டி ஒன்றைத் தந்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் பழைய கொம்பியூட்டர் ஒன்று வாங்கியபோது, மகள் கலா அதைப் போட்டுப் பார்த்தாள். சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, முதலிலை ஓடின எழுத்து என்னெண்டு தெரியுமோ? அந்த வீட்டை உங்களுக்கு எழுதி வைச்சிருக்கினம். அது உங்கடை சொந்த வீடம்மா!"

அவள் சிரித்தாள். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. எத்தனை பேரின் பிழைப்பு! நான் தொடாமல் விட்டது என் சொந்த விளக்கை.

கலா இப்போது ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி, எனக்கும் ஓர் அறை தந்திருக்கிறாள். சாவி என் கைப்பைக்குள்தான் கிடக்கிறது. ஆனாலும் கோயிலுக்குப் போய் வந்தால், வாசலில் நின்று பெல்லைத்தான் அடிப்பேன்.

"கலா, கொம்பனி மூடுற ஆள் வந்திட்டா!" என்று மருமகனின் குரல் கேட்கும்.

"உள்ளுக்கை வாங்கோ அம்மா, உங்கடை வீடுதான்!" என்று கத்துவாள் கலா.

நான் மரியாதையான நேரம் விட்டு, இன்னொருமுறை அடிப்பேன்.