நூற்றிருபது வீட்டுக்கும் பதினோரு நிமிஷம்

அன்பிலும் படிப்பிலும் குறைவில்லாத என் மருமகளுக்குத் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், அக்கா, அக்காவின் முட்டிவலி எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும்.

நிற்க. விஷயம் அவசரம் என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் குடியிருப்பின் பொதுக்கூட்டம். ஒன்பது வருஷமாக நான் கட்டிக்காத்துவரும் செயலாளர் பதவியிலிருந்து என்னை இறக்க வேண்டும் என்று கீழ்வீட்டுப் பல் டாக்டர் தீர்மானம் கொண்டுவருகிறார். நீ வந்து, ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "மாமா செய்தது விஞ்ஞானம்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வர முடியாவிட்டால் இரண்டு பக்கத்துக்குக் கடிதமாவது எழுது. பெரிய பெரிய சொல்லாகப் போடு. படிக்கிறவர்களுக்கு ஒன்றும் புரியக்கூடாது, நான் செய்தது சரி என்று மட்டும் புரிய வேண்டும்.

இதெல்லாம் உன்னால் வந்ததுதான். குற்றமாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொல்கிறேன். போன மாதம் நீ வந்திருந்தபோது, "அப்படி என்னம்மா வேலை பார்க்கிற?" என்று கேட்டேன். நீயும், "மாமா, ஆயிரக்கணக்குல கம்ப்யூட்டர் இருக்கு. ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து 'புதுசா ஏதாவது இருக்கா, புதுசா ஏதாவது இருக்கா'ன்னு கேட்டா, நடுவுல இருக்கறது திணறிப்போயிடும். அதனால சேதி வந்த உடனே நாங்களே தள்ளிவிட்டுடுவோம். ஒண்ணு மூணுக்குத் தள்ளும், அந்த மூணும் ஆளுக்கு மூணுக்குத் தள்ளும்" என்றாய். அப்புறம் "ஆனா மாமா, அதுல பார்த்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தாய். அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயசிலிருந்தே எனக்கு இந்த வியாதி உண்டு. வாத்தியார் பாதி சொல்லும்போதே முழுசும் புரிந்துவிடும். அதனால்தான் எட்டாம் வகுப்புக்கு மேல் போக வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை.

எங்கள் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை இருப்பது உனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக நானும் அதில் ஒட்டுகிறேன், ஒருத்தராவது நின்று படித்ததில்லை. ஆனால் ஆளாளுக்கு நம் வீட்டுக் கதவைத் தட்டி, "என்ன சார், புதுசா ஏதாவது உண்டா?" என்று கேட்பார்கள். நடுவில் இருக்கும் நான் திணறிப்போனேன். நீ கிளம்பிப் போன அன்றைக்கே உட்கார்ந்து ஒரு படம் போட்டேன். உச்சியில் நான். எனக்குக் கீழே மூன்று வீடு, அதற்குக் கீழே ஒன்பது, அப்புறம் இருபத்தேழு, கடைசி வரிசையில் எண்பத்தொன்று. கூட்டிப் பார், நூற்றிருபது. எங்கள் குடியிருப்பில் இருப்பதே நூற்றிருபது வீடு! இது தற்செயலா? கட்டடம் கட்டியவனுக்கே நான் வரப்போவது தெரிந்திருக்கிறது. நம் வீட்டுக்கு உன் அத்தையைப் போட்டு, அவளை முதல் வரிசையில் வைத்தேன். "சேதி கிடைத்ததும் உங்களுக்குரிய மூன்று வீட்டுக்கும் போய்ச் சொல்லவும். யோசிக்க வேண்டாம்" என்று முதல் விதி. "செயலாளரிடமிருந்தே செய்தி புறப்படுவதால், செயலாளருக்கு யாரும் செய்தி சொல்லத் தேவையில்லை" என்று இரண்டாம் விதி. கீழே என் கையெழுத்து, முத்திரை. "இனிமேல் பலகைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன்" என்று பத்துப் பேர் முன்னால் சபதமும் செய்தேன்.

படத்தை வீடு வீடாகக் கொடுத்ததும் கடைசி வரிசைக்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. பாட்டு டீச்சர் நேரே வந்து, "எல்லாரும் சொல்றாங்க, நாங்க மட்டும் கேட்டுட்டு கம்முனு உக்காரணுமா? எங்க வாய் என்ன வாடகைக்கா விட்டிருக்கு?" என்றார். நியாயம்தானே? எனக்கு இளகிய மனசு. அந்த எண்பத்தொரு வீட்டுக்கும் படத்தில் மேல் வரிசைகளில் இருப்பவர்களில் ஆளுக்கு மூன்று வீடாகப் பிரித்துக் கொடுத்துவிட்டேன், என்னைத் தவிர. எல்லாருக்கும் சொல்ல ஆள் கிடைத்தது. என்னை ஒரு மகான் மாதிரி பார்த்தார்கள்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை முதல் செய்தி. பிளம்பர் வந்து, "நாளைக்கு ஒன்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் தண்ணி இருக்காது சார், வால்வு மாத்தறோம்" என்றார். "நாளை காலை தண்ணீர் வராது, பிடித்து வைக்கவும்" என்று மூன்று வீட்டுக்குத் தள்ளினேன். பதினோரு நிமிஷம்! பதினோரு நிமிஷத்தில் நூற்றிருபது வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. (உன் அத்தை முக்கால் மணி நேரம் என்கிறாள். அவள் பார்த்தது சமையலறைக் கடிகாரம்.) தெரிந்ததும் நூற்றிருபது வீட்டிலும் ஒரே சமயத்தில் குழாயைத் திறந்தார்கள். வாளி, அண்டா, பூச்சாடி, துணி துவைக்கும் மெஷின், ஒரு வீட்டில் மழை பூட்ஸ் உட்பட நிரப்பிவிட்டார்கள். மொட்டைமாடித் தொட்டி மதியத்துக்குள் காலி. பிளம்பர் மேலே ஏறி எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நான் நிறுத்தலாம்னு இருந்தேன் சார், நீங்க இன்னிக்கே முடிச்சுட்டீங்க" என்று கைகொடுத்தார். பெரிய மனசு அவருக்கு.

சரி, தொட்டி மறுபடி நிரம்பட்டும் என்று, "யாரும் தண்ணீர் பிடிக்க வேண்டாம்" என்று இரண்டாவது செய்தியைத் தள்ளினேன். இது முன்னதைவிட வேகம், ஒன்பதே நிமிஷம். ஆனால் அதற்குள் முதல் செய்தி கடைசி வரிசைக்குப் போய், அங்கிருந்து திரும்ப மேலே ஏறி, இரண்டாவது சுற்று இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் ஒரு ஓய்வுபெற்ற நில அளவையாளர் இருக்கிறார், சொன்னதைச் சொன்னபடி செய்யும் தங்கமான மனுஷர். "பிடி" என்றார்கள், பிடித்தார். "வேண்டாம்" என்றார்கள், கொட்டினார். மறுபடி "பிடி" என்றார்கள், பிடித்தார். சாயங்காலம் படிக்கட்டில் என்னைப் பார்த்து, "செயலாளர் சார், இப்ப நான் எதுல இருக்கேன்? பிடிக்கறதுலயா, கொட்டறதுலயா?" என்று ஈரக் கையோடு கேட்டபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை வால்வு மாற்றி, தண்ணீரும் வந்து, விஷயம் முடிந்துவிட்டது. ஆனால் செய்தி முடியவில்லை! "நாளை" என்றுதானே சொன்னேன்? புதன்கிழமை கேட்டவருக்கு வியாழன் நாளை, வியாழக்கிழமை கேட்டவருக்கு வெள்ளி நாளை. இன்றைக்கும், பத்து நாளாகியும், நாளைக்குத் தண்ணீர் வராது என்று யாரோ யாரிடமோ போய்ச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் ஏற்பாட்டின் பலத்தைப் பார்! நானே நினைத்தாலும் நிறுத்த முடியவில்லை. பாட்டு டீச்சர் வாசலில் "எனக்கு எல்லாம் தெரியும்" என்று அட்டை மாட்டிவிட்டார். அப்படியும் ஒருத்தர் கதவைத் தட்டி, "இது உங்களுக்குத் தெரியுமான்னு தெரியலை..." என்று ஆரம்பித்திருக்கிறார்.

பல் டாக்டர் விஷயத்தில்தான் கொஞ்சம் பிசகிவிட்டது. நோயாளி வாய் நிறையத் தண்ணீரோடு கொப்பளிக்கத் தயாராக நிற்கும்போது ஏழாவது தடவையாகக் கதவைத் தட்டி, "டாக்டர், தண்ணிய வீணாக்காதீங்க!" என்று யாரோ கத்த, அந்த ஆள் பயந்துபோய் அவ்வளவையும் முழுங்கிவிட்டாராம். டாக்டர் வெள்ளைக் கோட்டோடு மாடி ஏறி வந்தார். "யோவ், செய்தி பரப்பச் சொன்னா தொத்துவியாதி பரப்பியிருக்கீரு! ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். நீர் இறங்குறீர்!" என்றார். "டாக்டர், இது எங்க மருமக ஆபீஸ்ல செய்யறது" என்றேன். "அங்க ஒரு மருமக இருக்கா. இங்க நீர் இருக்கீரு" என்றார். இதில் உன்னைப் பாராட்டியது மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்தது.

ஆனாலும் மனசுக்குள் கவலைதான், மறைப்பானேன்? செயலாளர் என்கிற அந்தச் சின்னப் பலகை நம் கதவில் இல்லாவிட்டால், வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பாரா? பென்ஷன் வாங்குகிற நூறு பேரில் நானும் ஒருத்தன். காலையில் சட்டை மாட்டிக்கொள்ள ஒரு காரணம் வேண்டாமா?

நல்லவேளை, காற்று என் பக்கம் திரும்பியிருக்கிறது. நேற்று வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை ஒரு கதவு தட்டும் சத்தம் இல்லை, நடைபாதையில் ஆள் நடமாட்டம் இல்லை. செய்த தப்பை உணர்ந்து அவரவர் வீட்டில் அடங்கியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். உன் அத்தைகூடத் தலை சீவி, நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு, "கீழ போயிட்டு வரேன்" என்று போய்விட்டாள். நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டேன். இன்று காலை எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பல் டாக்டரே தோளில் தட்டி, "உம்ம சிஸ்டம் பிரமாதம்யா" என்றார். ஆகவே பாதி ஜெயித்தாயிற்று. மீதிப் பாதிக்குத்தான் நீ வேண்டும். ஞாயிறு ஒன்பதரைக்கே வந்துவிடு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆயுசும் ஆரோக்கியமும், போகிற இடமெல்லாம் உட்கார நாற்காலியும் கிடைக்கட்டும். அக்காவின் முட்டிக்கு என் தனிப்பட்ட விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
செயலாளர் (ஒன்பதாம் ஆண்டு)

பின்குறிப்பு: நீ வர வேண்டாம், கடிதமும் வேண்டாம். இதை ஒட்டித் தபாலில் சேர்க்கக் கீழே போனால், லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது கண் தானாகப் பலகைப் பக்கம் போய்விட்டது. ஞாயிறு ஹால் கிடைக்காததால் கூட்டத்தை வியாழன் ஐந்து மணிக்கு மாற்றியிருப்பதாக நாலு நாளாக அங்கே ஒட்டியிருக்கிறது. நூற்றிருபது வீட்டுக்கும் செய்தி தள்ளியிருக்கிறார்கள், அதுவும் ஏழே நிமிஷத்தில். ஒரே ஒரு ஆளுக்குத்தான் போகவில்லை, இரண்டாம் விதிப்படி. மேலே ஓடிவந்து உன் அத்தையிடம், "உனக்குத் தெரியுமா?" என்றேன். "பாட்டு டீச்சர் வந்து சொன்னாங்க. என்னோட மூணு வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டேன். நீங்க என் லிஸ்ட்ல இல்லியே" என்கிறாள். கையெழுத்தும் முத்திரையும் என்னுடையதுதான். புதுச் செயலாளரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். கதவுப் பலகையைக் கழற்ற வேண்டியதில்லை, உன் அத்தைக்கும் அதுவே பொருந்தும். வாட்ச்மேன் இப்போதும் எழுந்து நிற்கிறார், அவள் பக்கத்தில் நான் வரும்போது. நாளைக் காலை எனக்கு ஒரு வேலை இருக்கிறதாம், என்னவென்று கேட்டதற்கு, "பலகைல ஒட்டியிருக்கேன், போய்ப் பாருங்க" என்றாள். சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.