இருபத்தொரு நாள் பிள்ளை தூக்கக்கூடாதாம்

இயேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் ஸ்ரனிஸ்லஸுக்கு,

பஸ்தியாம்பிள்ளை எழுதுவது. மாதாவின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம், என் கழுத்துச் சுரப்பி ஒன்றைத் தவிர. வவுனியாவில் நீரும் கழுத்து உட்பட முழுச் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் இடையில் புகுந்து கதைப்பீர் என்பதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உமது பேரனின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் வரமாட்டான் என்று உமது தங்கை சுசிலா உமக்குச் சொல்லியிருக்கிறாள். அண்டப் புளுகு. நான் வருவேன். பிள்ளையை நான்தான் ஏந்துவேன். எந்தப் பௌதிகவியலாளராலும் என்னை மறிக்க முடியாது.

நடந்ததைக் கேளும். சுரப்பியை அடக்கக் கதிர்மருந்துக் குளிசை விழுங்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். விடிய முதலே பஸ் ஏறி அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், படம் எடுக்கிற மெசின் காலைச் சோதனையில் சரிவரவில்லையாம், பதினொரு மணிவரை ஒருவரையும் ஏற்றவில்லை. மறித்தவ டொக்டருமில்லை, நேர்சுமில்லை. மெசினையும் கதிரையும் அளந்து சரிபார்க்கிற மருத்துவப் பௌதிகவியலாளராம், பெயர் டக்சாயினி, கிளிநொச்சிப் பிள்ளை, என் மகளின் வயதுகூட இராது. "நேற்று வடிவாத்தானே வேலை செய்தது பிள்ளை?" என்றேன். "இண்டைக்கு ஒரு பக்கம் மங்கலாக் காட்டுது ஐயா. உங்கட கழுத்திலை இல்லாத வருத்தத்தை அது இருக்கெண்டு காட்டினால் என்ன செய்வியள்?" என்றா. அந்த மெசினை ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு ஓரமாகப் போய் இருந்தேன். மறுநாள் குளிசை தரும்போதும் அவாதான். அதை ஒரு கருவிக்குள் இறக்கி, கதிர் எவ்வளவென்று அளந்து கையெழுத்து வைக்கும்வரை டொக்டரே கைகட்டி நின்றார். விழுங்கிய பிறகு, என் உடம்பிலிருந்து எவ்வளவு கதிர் வெளியே வருகிறதென்று என்னையும் அளந்தா.

அதோடு வந்திருக்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டோ என்று கேட்டதற்கு இல்லை என்று எழுதிக் கொடுத்து, வீட்டில் எப்படி இருக்க வேண்டுமென்று எழுதிய தாளும் வாங்கி, வாசல்வரை வந்துவிட்டேன். என் வாய் சும்மா கிடக்குமா? "ஞாயிற்றுக்கிழமை நான் ஞானத்தகப்பன், பிள்ளை தூக்கப் போறன்" என்று பெருமையடித்தேன். தாளைத் திருப்பி வாங்கினா மச்சான்! கணக்குப் போட்டு, இருபத்தொரு நாள் பிள்ளை தூக்கக்கூடாது என்று சிவப்பு மையால் எழுதினா. "முப்பது வருசம் கடலுக்குப் போனனான், எனக்கென்ன பயம்?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். "உங்களுக்கு அது மருந்து ஐயா. பிள்ளைக்கு என்ன வருத்தம், நீங்கள் மருந்து குடுக்க?" என்றா.

வீட்டிலோ உமது தங்கை அந்தத் தாளைச் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். இரண்டு மீற்றர் தள்ளி இருக்க வேண்டுமாம், அதாவது எங்கள் கடற்கணக்கில் ஒரு பாகமும் ஒரு சாணும். வலைக்கயிற்றால் அளந்து நடு விறாந்தையில் கட்டிவிட்டாள். "கயிறு தாண்டாதேங்கோ, அந்தப் பிள்ளைக்குப் போன் பண்ணுவன்" என்கிறாள். கலியாணம் முடித்து முப்பத்தெட்டு வருசத்தில் அவளை இவ்வளவு சந்தோசமாக நான் கண்டதில்லை.

பெற்ற பிள்ளைகள் ஒன்றும் இங்கே இல்லாத எனக்கு, மச்சான், இந்த ஞானப்பிள்ளை பெரிய காரியம். ஞானஸ்நானத் தொட்டியடியில் வேறொருவன் அவனை ஏந்த, நான் பின்வாங்கில் குந்தியிருந்து பார்ப்பதா? நடக்காது. ஞாயிறு விடிய வருகிற முதல் பஸ்ஸில் வருகிறேன். கணக்கு அவவோடு இருக்கட்டும், பிள்ளை என் கையில் இருக்கட்டும்.

பரலோக மாதா உமது குடும்பத்தைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஒருவருக்கும் பயப்படாத மச்சான்,
பஸ்தியாம்பிள்ளை

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் உமது மகன் நிறோஜன் பெண்சாதியோடு படலையில் வந்து நின்றான். ஞானத்தகப்பனை முறைப்படி கேட்கப் பலகாரத்தோடும் பிள்ளையோடும் வந்திருக்கிறார்கள். "இந்தாங்கோ மாமா, தூக்குங்கோ" என்று அவள் நீட்டினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடினேன். பின் வேலியில் முதுகு முட்டும்வரை ஓடி, "கிட்ட வராதேங்கோ, பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போங்கோ!" என்று கத்தினேன். பிள்ளைக்கு உமது மூக்கு, பாவம், அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. அவர்கள் போனபிறகு கொஞ்சம் அழுதேன்.

ஞானஸ்நானத்தை மூன்று ஞாயிறு தள்ளி வையும். சுவாமியார் மறுத்தால் டக்சாயினியின் நம்பரை அவரிடம் கொடும், கதைத்துப் பார்க்கட்டும். அவவோடு கதைத்து வென்ற ஒருவரை நான் இன்னும் காணவில்லை.