மூன்றாம் அடுக்கு

குடவாசல் கடைத்தெருவில் ஹாஜா மைதீனுடைய மானத்தின் விலை நாலாயிரத்து இருநூறு ரூபாய். அவர் பாத்திரக் கடையிலுள்ள கிரைண்டரின் கடைசி விலை அது. அதற்குக் கீழே பத்து பைசா இறங்க மாட்டார். அந்த எண்ணை மனைவி மெஹராஜ் பேகத்திடம்கூடச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு, அதே எண்ணை இராஜாங்கம் தன் செல்போனைப் பார்த்து வாசித்தார்.

"கடைசி விலை நாலாயிரத்து இருநூறுன்னு போட்டிருக்கு பாய். அப்புறம் நாம ஏன் ஆறாயிரத்துலேருந்து ஆரம்பிச்சுத் தொண்டையக் காய வெச்சுக்கணும்?"

ஹாஜா மைதீனுக்குத்தான் தொண்டை காய்ந்தது. இராஜாங்கம் கரண்டி வாங்க வந்தவர் இல்லை. சம்பா விற்ற கையோடு, மகள் செம்மொழியின் கல்யாணச் சீரை எடுக்க மனைவி காத்தாயியோடு வந்திருந்தார். பீரோ, கட்டில், கிரைண்டர். இந்த ஒரு வியாபாரத்து லாபத்தை நம்பித்தான் கடைக்குப் புது ஷட்டர் சொல்லியிருந்தார் ஹாஜா மைதீன்.

"பன்னெண்டரைக்கு மேல போலாம்னேன். போனைப் பாத்ததும் இழுத்துக்கிட்டு ஓடியாந்துட்டாரு" என்று காத்தாயி பின்னால் முணுமுணுத்தார்.

"தஹ்மீனா!"

கடையின் உள்ளறையிலிருந்து மகள் மடிக்கணினியோடு ஓடிவந்தாள். தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படித்தவள். கடைக்கு ஆப் செய்து கொடுத்தவளும் அவள்தான்.

முதலில் அவள் சாமானுக்கு ஒரு விலைக் கட்டம் மட்டும் வைத்திருந்தாள். அத்தா கொதித்துவிட்டார். "ஒரே விலை சொல்லி விக்க இது என்ன தபால் ஆபீஸா?" சொல்கிற விலை, இறங்குகிற விலை, கடைசி விலை என்று சாமானுக்கு மூன்று விலை வேண்டும். அதற்குக் கீழே, யார் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று வரிசையாகக் குறிப்புகள் வேண்டும்.

"சரி அத்தா, டிபன் கேரியர் மாதிரி கட்டிடுறேன். எல்லா அடுக்கையும் ஆப் ஒண்ணா அனுப்பும். அந்தப் பக்கம் சர்வர் வாங்கிப் பிரிச்சு, மேல் அடுக்கை மட்டும் ஜனங்களுக்குக் காட்டும்."

இப்போது திரையைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "மூணு அடுக்கையும் தொறந்து காட்டுது அத்தா."

"சர்வர்னா பரிமாறத்தானே செய்வான்? அவன்கிட்ட யாரு கேரியரோட கொடுக்கச் சொன்னது?"

"அஞ்சு நிமிஷம் கொடுங்க. நீங்க எதையும் தொடாதீங்க."

வியாபாரியின் விரல் ஐந்து நிமிடம் சும்மா இருக்குமா? அவள் உள்ளே போனதும் ஹாஜா மைதீன் தன் போனை எடுத்து, மூன்றாவது அடுக்கை அழித்து, 'அனுப்பு' என்பதைத் தட்டினார்.

டிங்.

"விலை மாறியிருக்காம்" என்று இராஜாங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "கடைசி விலை: இராஜாங்கம் சத்தம் போடுவார். காபி கொடுத்தால் அடங்கிவிடுவார்."

காத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது நீங்க இல்லைங்க" என்றார் ஹாஜா மைதீன். "ஊர்ல எத்தனை இராஜாங்கம்!"

"சத்தம் போடுற இராஜாங்கம் எத்தனை பேருய்யா?" என்ற இராஜாங்கத்தின் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது.

தஹ்மீனா ஓடிவந்தாள். "மூணாவது அடுக்கை எடுத்துட்டீங்களா? கீழ இருந்த குறிப்பு மேல ஏறி அந்த இடத்துல உக்காந்துடுச்சு. விலை மாறினா நம்ம வாடிக்கைக்காரங்க நானூறு பேருக்கும் மெசேஜ் போவும் அத்தா!"

நானூறு என்று கேட்டதும் ஹாஜா மைதீன் பாய்ந்து இன்டர்நெட் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். தஹ்மீனா சரிசெய்ய மறுபடி உள்ளே ஓடினாள். அவர் நிம்மதியாக உட்கார்ந்து அந்தக் குறிப்பை அழித்தார், அனுப்பினார். அடுத்தது வந்து நின்றது. அதையும் அழித்தார், அனுப்பினார். அழிக்க அழிக்க வந்துகொண்டே இருந்தன.

"பாத்தீங்களா? ஒரு டிங்கும் இல்ல" என்றார் இராஜாங்கத்திடம்.

நடுவில் காபி சொன்னார். இராஜாங்கம் குடித்தார். அடங்கவும் செய்தார்.

"பாய், ஜும்ஆவுக்கு நேரமாவலையா?" என்று காத்தாயி கேட்டார்.

"இன்னும் நேரமிருக்கு தங்கச்சி."

இந்த இக்கட்டிலும் அவர் நெஞ்சு குளிர்ந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அவர் தொழப் போனால் மெஹராஜ் பேகம் கல்லாவில் உட்காருவார். திரும்பி வந்து பார்த்தால் கல்லா நிறைந்திருக்கும், பாதி அலமாரி காலியாக இருக்கும். ஏழு வருடமாக இதை 'ஜும்ஆவின் பரக்கத்', ஆண்டவன் அருளால் வரும் பெருக்கம், என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறார். எதை எவ்வளவுக்குக் கொடுத்தாய் என்று மனைவியைக் கேட்டதில்லை. பரக்கத்தைக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி.

"எல்லாம் சரிபண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தஹ்மீனா ஒயரைத் திரும்பச் செருகினாள். பிறகுதான் அத்தாவின் கையிலிருந்த போனைக் கவனித்தாள். "நெட் இல்லாதப்ப எத்தனை தடவை தட்டினீங்க?"

"ஏன்?"

"தட்டினதையெல்லாம் ஆப் பத்திரமா வெச்சிருந்து, நெட் வந்ததும் அப்படியே அனுப்பும். நான் சரிபண்ணினது இனிமே தட்டுறதுக்குத்தான்."

ஹாஜா மைதீன் விரல் மடக்கினார். ஒரு கை போதவில்லை.

டிங். டிங். டிங். டிங்.

இராஜாங்கம் குஷியாகிவிட்டார். "கடைசி விலை: அம்சம் டீச்சர். அழுவார், நம்பக் கூடாது. ஐயையோ! இந்தா இன்னொண்ணு. கடைசி விலை: மருதையன். கடன் கேட்டால் நான் ஊரில் இல்லை."

எதிர்ச்சாரி டீக்கடையிலிருந்து மருதையன் போனும் கையுமாக எட்டிப் பார்த்தார். "பாய்! ஊர்லதான் இருக்கீங்களா?"

ஹாஜா மைதீன் முக்காலியில் சரிந்தார். இனி எந்த முகத்தோடு ஆறாயிரம் என்று ஆரம்பிப்பது?

"எடுத்துக்குங்க இராஜாங்கம். எல்லாத்தையும் கடைசி விலைக்கே எடுத்துக்குங்க. ஷட்டருக்குப் பதிலா தார்ப்பாய் கட்டிக்கிறேன்."

"அப்படி வாங்க வழிக்கு!" இராஜாங்கம் பணப்பையை எடுத்தார்.

அப்போது மெஹராஜ் பேகம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே படியேறினார். "என்னங்க, பாங்கு சொல்லப் போறாங்க. இன்னுமா கிளம்பல?"

அவரைப் பார்த்ததும் காத்தாயி கணவர் கையிலிருந்த பையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உங்க கடைசி விலை உங்ககிட்டயே இருக்கட்டும் பாய். இவருக்கு வாயி அதிகம்னுதான் இவருகிட்டயும் சொல்லல. ஊர்ப் பொம்பளைங்க பாதிப் பேரு உங்க கடையில வெள்ளிக்கிழமை மத்தியானந்தான் சாமான் வாங்குறோம். கிரைண்டர் மூவாயிரத்து எட்டுநூறு, பீரோ ஒம்பதாயிரம், கட்டில் ஏழாயிரத்து எரநூறு, ஆக மொத்தம் இருவதாயிரம்னு போன வாரமே பாயம்மாகிட்ட பேசி முடிச்சாச்சு. பாக்கி ஒண்ணே ஒண்ணுதான். நீங்க தொழுவக் கிளம்பணும்."