பெட்டிக்குள் ஒரு பொடியன்

அட்டைப்பெட்டிப் பட்டறை முதலாளிக்குக் காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்துத் தெரு பட்டறைக்காரரை நேற்றுதான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்து வயதுப் பிள்ளையைப் பசை தடவ வைத்திருந்தாராம். அபராதத்தோடு விடமாட்டார்கள், ஜெயிலும் உண்டு என்று ஊரே பேசியது. இன்று இந்தத் தெருவில் சோதனை.

"நம்மகிட்ட சின்னப் பசங்களே கிடையாதே. அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள், கணக்கு பார்த்துக்கொண்டிருந்த மனைவி.

"உனக்குப் புரியாது. ஒரு பொடியன் வாசல்ல நின்னாலே போதும், நான் உள்ள."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஒருவன் வந்து நின்றான். தோளில் பை. மீசைக்கு அறிகுறியே இல்லை. முதலாளியின் கண்ணுக்கு எட்டாம் வகுப்பைத் தாண்டித் தெரியவில்லை.

"வணக்கம். நான் வந்து..."

"வேலை இல்ல. பள்ளிக்கூடத்துக்குப் போ."

"அதெல்லாம் முடிச்சாச்சு. இங்க எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க?"

"உன்னைச் சேர்த்தா ஆறு. சேர்க்கமாட்டேன், அதனால அஞ்சு."

அவன் பைக்குள் கையை விட்டான்.

"மார்க் ஷீட்டெல்லாம் காட்டாத, கிளம்பு."

"அவரைக் கொஞ்சம் பேச விடுங்களேன்" என்றாள் மனைவி. அவளையும் அவர் பேச விடவில்லை. வெளியே ஜீப் கதவு சாத்தும் சத்தம் கேட்டுவிட்டது.

இப்போது இவனை வாசல் வழியாக அனுப்பினால் வம்பு. மேசைக்கு அடியில் தள்ளினார். அவன் தடுமாறி, பிடிமானத்துக்குப் பசை வாளிக்குள் இரண்டு கையையும் விட்டான். முழங்கை வரை பசை. இனி சாட்சியே தேவையில்லை. முதலாளிக்கு அழுகையே வந்தது.

குளிர்சாதனப் பெட்டி வைக்கும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று மூலையில் இருந்தது. அவனை அதற்குள் உட்கார வைத்து, மேலே டேப் ஒட்டினார். கைப்பிடி ஓட்டை வழியாக ஒரு பிஸ்கட்டையும் நீட்டினார்.

"ஐயா, நீங்க செய்யறது பெரிய குத்தம்" என்றது பெட்டி.

"தெரியும்பா. அதனாலதானே ஒளிச்சு வெக்கிறேன்."

கையில் கோப்புடன் ஓர் ஆள் நுழைந்தார். நல்ல உயரம், முறுக்கு மீசை. அதிகாரி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். நல்லா தேடிப் பாருங்க. இந்தப் பட்டறைக்குள்ள ஒரு பொடியன் அகப்பட்டா, நானே வந்து உங்க ஜீப்ல ஏறிக்கறேன்."

பெட்டி தும்மியது. முதலாளி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வந்தவர் உட்காரவில்லை. கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"நான் டிரைவருங்க. எங்க ஆபீசர் இந்தக் கோப்பை வண்டியிலயே விட்டுட்டு முன்னாடியே உள்ள வந்துட்டாரு, பார்க்கறதுக்குச் சின்னப் பையன் மாதிரி இருப்பாரு, எங்க அவரு?"