அக்காவுக்கு நான் ஊற்றிய நல்ல கிருமி

உடல்நலக் கட்டுரையாளரே, என் அக்காவை நான் சாகக் கொடுக்கப் பார்த்ததில் பாதிப் பங்கு உங்களுடையது. மீதிப் பாதி என்னுடையது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் போய் வெகுநாள் ஆகிறது.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஓர் ஆடி மாதம். திருவொற்றியூர். அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். மூன்று கீமோ ஊசி முடிந்து முடியெல்லாம் கொட்டிவிட்டது. நான்காவதுக்குப் பத்து நாள் இருந்தது. அவ்வப்போது சமைத்ததைச் சூடாக மட்டும் சாப்பிட வேண்டும், புளித்தது வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் யார்? எண்ணூர் கம்பெனியில் வெல்டர். டாக்டர் சொன்னால் கேட்டுவிடுவேனா?

ஞாயிறு இணைப்பில் உங்கள் கட்டுரை: ‘புற்றுநோயை விரட்டும் நல்ல கிருமிகள்’. தயிர், புளித்த கூழ் எல்லாம் மருந்தாம். தலைப்பைப் படித்தேன், படத்தைப் பார்த்தேன், என் ஆராய்ச்சி முடிந்தது. (எங்கள் குடும்பத்திலேயே அதிகம் படித்தவன் நான். பத்தாவது, இரண்டு தடவை.)

அன்று தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். இரண்டு நாள் புளித்த கேழ்வரகுக் கூழ். தெருவே கைவிட்டுக் கலக்கிய அண்டா. கிருமி நிறைய வேண்டுமே என்று அடிக்கூழாகக் கேட்டு வாங்கினேன்.

"இன்னாடா, வாசனை ஒரு தினுசா கீது?" என்றாள் அக்கா.

"உள்ள நல்ல கிருமி கீதுக்கா. பேப்பர்லயே போட்டுட்டான். மூக்கப் புடிச்சிகினு குடி."

"டாக்டரம்மா வாணாம்னுச்சே."

"அந்தம்மா பேப்பர் படிக்கல போல."

தம்பி ஆசையாகக் கொண்டுவந்தானே என்று இரண்டு சொம்பு குடித்தாள், பச்சை வெங்காயத்தோடு.

மறுநாள் மத்தியானம் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். என்ன சாப்பிட்டார் என்று டாக்டரம்மா கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். (அக்கா வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வாரத்துக்கு நாலு வார்த்தைதான் பேசுவார்.) நான் வக்கீல் மாதிரி சட்டைப்பையிலிருந்து உங்கள் கட்டுரையை எடுத்து நீட்டினேன்.

டாக்டரம்மா கடைசி வரிவரை படித்தார். "எலிக்குக் குடுத்துப் பார்த்ததா இங்க பொடி எழுத்துல போட்டிருக்கு. உங்க அக்கா எலியா?"

நான் அப்போதுதான் குனிந்து அந்தப் பொடி எழுத்தைத் தேடினேன்.

"நல்ல கிருமியப் பத்தி ஆராய்ச்சி நடக்குது. இல்லைன்னு சொல்லல. ஆனா கீமோ ஊசியால ரத்தத்துல வெள்ளை அணு இறங்கிக் கிடக்கிறப்போ எந்தக் கிருமியும் நல்ல கிருமி இல்ல. காய்ச்சல் கூழாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

மாமா அந்த வாரத்துக்கான நாலு வார்த்தையையும் செலவழித்தார். "நைனா, நீ வூட்டுக்குப் போ."

போகவில்லை. ஆறு நாள் வார்டு வாசலில் நின்றேன். உள்ளே விடவில்லை. நான்காவது ஊசி தள்ளிப்போனது. அது தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா பிழைத்தாள், டாக்டரம்மாவின் மருந்தால். இன்றும் என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள். வீட்டில் யாராவது கைவைத்தியம் சொன்னால், "எலியக் கேட்டியா?" என்பாள். அவள் பிள்ளைகளுக்கு நான் எலி மாமா. பெரியவளின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதையே அச்சடிக்கப் பார்த்தார்கள். அச்சகம் வரை ஓடித் தடுத்தேன்.

கட்டுரையாளரே, தலைப்போடு நிறுத்திய முட்டாள் நான். சரி. நீங்கள் அந்த எலியை ஏன் கடைசி வரியில் பொடி எழுத்தில் ஒளித்தீர்கள்? எனக்குக் கடிதம் போட வேண்டாம். அதே ஞாயிறு இணைப்பில், அதே பெரிய எழுத்தில், ஊர் படிக்கப் பதில் சொல்லுங்கள்.