மீன் டப்பாவில் ஏறிய பிஸ்கட்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

கப்பல் ஆடினாலும் கையெழுத்து ஆடாமல் உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் மகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் மச்சான் இந்தக் கப்பலில் அறை துடைக்கும் வேலைக்கு வந்து மூன்று வருடமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை, அவனைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுத்தோம், தன் கையால் அவனுக்கு ஒரு வாய் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் உங்கள் அத்தை பிஸ்கட் சுட்டாள் என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. வீட்டுப் பண்டம் கப்பலில் ஏறக்கூடாது, கம்பெனி சீல் வைத்தது மட்டும் ஏறலாம் என்பது விதி. நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் ஆகையால், விதிக்குக் கட்டுப்படுவோம் என்றேன். நீங்கள்தான், "சீல்தானே மாமா வேணும்? எங்க ஃபேக்டரியிலயே போட்டுத் தர்றேன்" என்று உங்கள் மீன் தொழிற்சாலைக்குத் தூக்கிக்கொண்டு போய் டப்பாக்களில் அடைத்து வந்தீர்கள். சீல் பிரமாதம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மீன் படம் போட்ட லேபிளையும் ஒட்டிக் கொடுத்தீர்களே, அங்கேதான் வந்தது வினை.

சோதனை அதிகாரி பெட்டியை எந்திரத்துக்குள் விட்டு, திரையை உற்றுப் பார்த்து, "என்னம்மா, மீனெல்லாம் வட்ட வட்டமா அடுக்கியிருக்கு?" என்றார். உங்கள் அத்தை சற்றும் தயங்காமல், "அது அந்த ரகம்ங்க" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லா டப்பாவையும் திறந்துவிட்டு, குப்பைத்தொட்டியில் போடச் சொன்னார். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். "கைல கொண்டு போகத்தானே கூடாது? வயித்துல போனா கேப்பீங்களா? என் பிள்ளையைக் கூப்பிடுங்க." பின்னால் வரிசை முழுக்கத் திட்டத் தொடங்கியது.

யாரோ சொல்லி, உங்கள் மச்சான் சீருடையோடு ஓடி வந்தான். பையன் இளைத்துத் துரும்பாகிவிட்டான், மாப்பிள்ளை. துறைமுகம் முழுக்க ஒரே மீன் நாற்றம். அந்தக் குப்பைத்தொட்டி ஓரத்தில் நின்று முதல் பிஸ்கட்டை வாயில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"எப்படிடா இருக்கு?"

"நல்லாருக்கும்மா." ஒரு டப்பா முழுவதையும் தின்று தீர்த்தான். மிச்சத்தை அவள் வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்தாள், தான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. திட்டிய வாய்களெல்லாம் அடங்கிப்போயின. அதிகாரியும் ஒன்றைக் கடித்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போங்கம்மா, சீக்கிரம் உள்ள போங்க" என்றார். அவருக்கும் அம்மா ஞாபகம் வந்திருக்கும். எனக்குச் சர்க்கரை வியாதி, பார்த்தே வயிறு நிறைந்தது.

பெற்றவள் கைக்கு என்ன மகிமை என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். அதற்குக் காரணமான நீங்கள் மகளோடு நூறாண்டு குறைவில்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: உங்கள் மச்சான் இப்போதுதான் அறைக்கு வந்துவிட்டுப் போனான். நாற்றம் துறைமுகத்தினுடையது அல்லவாம், உங்கள் டப்பாவினுடையதாம். பிஸ்கட் முழுக்க மீன் எண்ணெய் ஊறியிருந்ததாம், கண்ணில் தண்ணீர் வந்ததும் அதனால்தானாம். இதை உங்கள் அத்தை காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள். "அப்புறம் ஏண்டா ஒண்ணு விடாம தின்னே?" என்று கேட்டேன்.

"அம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்களேப்பா" என்றான்.