கடைசிக் குழி யாருக்கு

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. உங்க பக்கத்துல புதுசா ஒருத்தர் பேசறாரே, மனுஷன் பிரமாதம்," என்றார் போனில் மைத்துனர்.

பஞ்சு சார் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார். தொலைக்காட்சியில் கோல்ஃப் வர்ணனை செய்பவர் அவர். பஞ்சு என்பது அலுவலகம் வைத்த பெயர். ஆட்டக்காரர் பந்தைத் தட்டக் குனியும்போது பஞ்சில் பொதிந்தது போல ஒரு குரல் அவருக்கு வரும். பல வருடங்களாகக் கடைசிக் குழியின் வர்ணனை அந்தக் குரலில்தான் நடந்தது. கோப்பை யாருக்குப் போனாலும், பந்து உள்ளே விழும் அந்த ஒரு கணம் அவருக்குச் சொந்தம்.

"அப்போ நான்?"

"நீங்களும் மோசமில்ல மாமா. கொஞ்சம் அலுப்புத் தட்டிடுச்சோன்னு பட்டுது."

"ரெண்டு பேருமே கிசுகிசுன்னுதானே பேசறோம். யாரு எவர்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அது கஷ்டந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவுல சொந்தக்காரங்க பேசற மாதிரி எல்லாம் ஒரே குரலாத்தான் கேக்குது. டிவியில போடற பேரைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறது."

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். "என்னவாம் என் தம்பிக்கு?"

"அவனுக்கு கோல்ஃப் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது. புல்லை வேடிக்கை பாத்தா சம்பளம் குடுக்கறாங்கன்னு மட்டும் தெரியும்."

புதியவர் ஓய்வு பெற்ற ஆட்டக்காரர். எல்லோரும் சாம்பியன் என்று அழைத்தார்கள். முதல் நாள் முழுவதும் அவர் வாய் ஓயவில்லை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு சொந்தக் கதை, கதைக்கு ஒரு சிரிப்பு. பஞ்சு சார் வழக்கம்போல இடம் பார்த்து நான்கு சொல் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். இந்த ஆள் ஒரே நாளில் மூட்டை கட்டிவிடுவான் என்று உள்ளூர மகிழ்ந்துகொண்டும் இருந்தார். இப்போது மைத்துனரே இப்படிச் சொல்கிறார்.

அன்று சாயங்காலம் அலுவலகத்துக்குப் போனால் இன்னும் மோசம். புதிதாக வந்திருந்த தலைமை அதிகாரி நேயர்களின் செய்திகளைப் படித்துக் காட்டினார். புதியவர் அருமை. பழையவருக்கு ஓய்வு கொடுக்கலாம். புதியவர் பேசினால் மனசுக்கு இதமாக இருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை போட்டி முடியற அன்னிக்கு கடைசிக் குழிக்கு ஒரே குரல் போதும்னு நெனைக்கறேன்," என்றார் அதிகாரி. "யாரை ஜனங்க விரும்பறாங்களோ அவர் பேசட்டும்."

"மேடம், நீங்க நிகழ்ச்சியைப் பாத்தீங்களா?"

"நான் கோல்ஃப் பாக்கறதில்ல. வர்ற செய்தியைத்தான் பாப்பேன்."

அன்று இரவு சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

"கடைசிக் குழி அவனுக்குப் போயிடும் போலிருக்கு," என்றார்.

"கடைசிக் குழி எல்லாருக்கும் ஒண்ணு உண்டு. அதுக்கு என்ன இவ்வளவு அவசரம்?" என்று மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

யோசித்ததில் ஒன்று விளங்கியது. ஜனங்களுக்கு வேண்டியது கதை. சரி, கதைக்கா பஞ்சம்?

மறுநாள் வர்ணனைக் கூண்டில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். அது கடைசிக் குழிக்கு அருகே மரத்தால் கட்டிய சின்ன அறை. இரண்டு நாற்காலி, எழுத்து எதுவும் இல்லாமல் வெறும் படம் மட்டும் வரும் ஒரு திரை, புல்வெளியைப் பார்த்து ஒரு திறந்த ஜன்னல். பந்து மணலில் விழுந்தால் தாம் கடற்கரையில் செருப்பைத் தொலைத்ததைச் சொன்னார். மரத்தில் பட்டால் பள்ளிக்கூடத்து மாமரத்தைச் சொன்னார். சாம்பியன் இரண்டு முறை வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார். பிறகு இடம் பார்த்து நான்கு சொல் மட்டும் சொன்னார்.

"ஏன் தம்பி, இன்னிக்கு கதை ஒண்ணும் வரலியா?"

"அண்ணன் பேசறப்ப குறுக்க விழுந்தா மரியாதை இல்லீங்களே. நேத்து உங்களைப் பாத்துத்தான் எங்க நிறுத்தணும்னே தெரிஞ்சுக்கிட்டேன்."

பணிவைப் பார், நெஞ்செல்லாம் நஞ்சு, என்று நினைத்துக்கொண்டார் பஞ்சு சார்.

சாயங்காலம் செய்திகள் வந்தன. புதியவர் இன்று சொதப்பல். பழையவர் தேறிவிட்டார்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் இன்னும் தாராளமாகத் திறந்துவிட்டார். மைத்துனர் கல்யாணத்தில் பந்தல் சரிந்தது வரைக்கும் போனார். செய்திகளும் தாராளமாக வந்தன. பழையவர் தங்கம். புதியவரைத் தயவுசெய்து வீட்டுக்கு அனுப்புங்கள். மைத்துனரே கூப்பிட்டு, "மாமா, நீங்க எங்கயோ போயிட்டீங்க. அந்தப் புது ஆளு நம்ம கல்யாணப் பந்தலைப் பத்தியெல்லாம் பேசறாரே, நீங்கதான் சொன்னீங்களா?" என்றார்.

"அவன் என்கிட்டேருந்துதான் எல்லாத்தையும் திருடறான்," என்றார் பஞ்சு சார். தாம் சொன்னதைத்தான் மைத்துனர் ஆள் மாற்றிக் குழப்பிக்கொள்கிறார் என்று தோன்றியது. விளக்கவில்லை. பாராட்டை யார் குறுக்கே வெட்டுவார்கள்?

"ஞாயிறு உங்களுக்குத்தான்," என்றார் அதிகாரி.

வென்ற பிறகும் பொறாமை அடங்கவில்லை. காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் ஒலிப்பதிவுக்காரர்கள் சாம்பியனோடு சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். நேரே திரும்பிப் போய், "கடைசிக் குழிக்கு அவர் கூண்டுக்குள்ளயே இருக்கக் கூடாது மேடம்," என்று கேட்டு அதையும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாம்பியன் தம் பங்குக்கு அளவாகப் பேசிவிட்டு எழுந்தார். "நல்லா பண்ணுங்க அண்ணே," என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

கடைசிக் குழி. கோப்பைக்கு ஒரே ஒரு தட்டு பாக்கி. கூட்டம் மூச்சைப் பிடித்து நின்றது. ஆட்டக்காரர் குனிந்தார்.

பஞ்சு சார் தம் முழங்கால் அறுவை சிகிச்சையை ஆரம்பித்தார். உற்சாகத்தில் பஞ்சு பிரிந்து குரல் வெளியே வந்தது. ஆட்டக்காரர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். கதை மயக்க மருந்தைத் தாண்டியது. மறுபடி நிமிர்ந்தார். கூட்டத்தில் யாரோ ஒருவர், "அந்த ஆள் காலை எடுத்துட்டாங்களா இல்லியா, சீக்கிரம் சொல்லச் சொல்லுங்கப்பா," என்றார்.

பந்து உருண்டு போய் உள்ளே விழுந்தபோது, பஞ்சு சார் எலும்பு மருத்துவரின் கையெழுத்தை வர்ணித்துக்கொண்டிருந்தார். கூட்டம் கத்தியதைக் கேட்ட பிறகுதான் திரையைப் பார்த்தார்.

சிறிது நேரத்தில் அதிகாரி போனில் வந்தார். "அடுத்த போட்டியிலேருந்து கடைசிக் குழி சாம்பியனுக்கு."

"நேத்து வரைக்கும் என்னைத் தங்கம்னாங்களே மேடம்."

"இன்னிக்கு தகரங்கறாங்க. காலைல அவர் பேசினதுக்குத்தான் பாராட்டு குவியுது. நான் என்ன பண்ண?"

பஞ்சு சார் கூண்டின் படியில் உட்கார்ந்துவிட்டார். ஒளிபரப்பு வண்டியிலிருந்து, திரையில் பேசுபவர்களின் பெயரைப் போடும் பெண் இறங்கி வந்தாள்.

"என்னம்மா, நீயும் ஏதாவது சொல்லணுமா?"

"கோச்சுக்காதீங்க சார். நேத்து வரைக்கும் நீங்க பேசறப்ப அவர் பேரும், அவர் பேசறப்ப உங்க பேரும் வந்துட்டிருந்துது. இன்னிக்குக் காலைலதான் கவனிச்சு சரியா மாத்தி வெச்சேன்."